முதுமையில் நினைவைப் பேணுதல்: செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றில் இன்று ஒரு பெரிய வீட்டுக்கு இரண்டு பேர், சில வீடுகளில் ஒரே ஒருவர் என்ற நிலை வந்துவிட்டது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லையுமாக நீளும் வீட்டில் எழுபதைத் தாண்டிய பெற்றோர் தனியே வாழ்கிறார்கள். அவர்களுடைய நினைவு தடுமாறத் தொடங்கினால் அன்றாடம் அதைக் கவனிக்க ஆளில்லை. பிள்ளையார் நோன்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடும்போதுதான் அது வெளியே தெரிகிறது. அப்போதும் "வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பேச்சு இரண்டு வகையில் தவறானது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் (டிமென்ஷியா) இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது அந்த வயதினரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த நோய் இல்லை. நோய் வந்தவர்களுக்கோ அது மூளையைப் பாதிக்கும் நோயே தவிர, வயதின் இயல்பு அன்று. உலக அளவில் இதை ஆராய்ந்த லான்செட் மருத்துவ இதழின் குழு, 2024-இல் பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று கூறியது. செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதே இதன் பொருள். அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதைக் கீழே தருகிறேன்.

முதல் படி: மறதியின் தன்மையை அறிதல்

வயது ஏறும்போது மூளையின் வேகம் குறைவது இயல்பு. பெயர் நாக்கு நுனியில் நின்று, அரைமணி கழித்துத் தானாக வந்துவிடும். அடுக்களைக்குள் போனபின் எதற்கு வந்தோம் என்று ஒரு கணம் நிற்க நேரும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது சிரமமாகும். ஆனால் சொல்வளமும், அனுபவத்தால் வந்த நிதானமும் பெரும்பாலும் குறைவதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு வகை. சொன்ன செய்தியையே சொன்ன நினைவில்லாமல் பத்து நிமிடத்தில் மறுபடி சொல்வது. ஐம்பது ஆண்டுகளாகச் செய்த வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு கரைக்கும்போது அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது. நாள்தோறும் போய்வந்த கோயிலிலிருந்து வீடு திரும்ப வழி தவறுவது. வைத்த நகையை மறந்துவிட்டு, வேலைக்கு வருகிற பெண் எடுத்துவிட்டாள் என்று உறுதியாக நம்புவது. கலகலப்பானவர் ஒதுங்கிப் போவது. சாவியை எங்கே வைத்தோம் என்பதை மறப்பது வயதின் மறதியாக இருக்கலாம்; கையில் இருக்கும் சாவி எந்தப் பூட்டுக்குரியது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பது மருத்துவரிடம் போகவேண்டிய மறதி.

இங்கே நம் குடும்பங்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று நகரத்தார் கோயில் ஒன்பதையும் மூச்சுவிடாமல் சொல்றாக, கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினாகன்னு சொல்றாக, இவுகளுக்கா மறதி?" என்று கேட்பார்கள். மறதி நோயில் பரவலான வகையான அல்சைமரில் முதலில் தேய்வது அண்மை நினைவு. சிறுவயதில் பதிந்தது, பலமுறை சொல்லிப் பழகியது, நெடுநாள் தங்கக்கூடும். அப்பச்சி (அப்பா) வணிகத்துக்கென்று கொண்டுவிக்கப் போன ஊரின் தெருப்பெயர் வரை நினைவிருப்பவருக்குக் காலையில் மாத்திரை போட்டது நினைவில்லை என்றால், பின்னதைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு மாதம் ஒரு குறிப்பேடு வைத்து, எந்தத் தேதியில் எது மறந்தது, பிறகு நினைவு வந்ததா, அதனால் எந்த வேலை தடைப்பட்டது என்று எழுதிவாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் தொலைபேசியில் "நல்லா இருக்கீகளா" என்று மட்டும் கேட்டால் எதுவும் தெரியவராது. "நேத்து யாரு வந்தாக, என்ன சமைச்சீக" என்று கேட்டுப் பழகினால், மாற்றம் மெல்லத் தென்படும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நெஞ்சில் நிறுத்துங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால், பகல் இரவு தெரியாமல் பேசினால், குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்து இழப்பு, சர்க்கரை தாழ்ந்துபோதல், பக்கவாதம் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

இரண்டாம் படி: திருத்தக்கூடிய காரணங்களை முதலில் தேடுதல்

மறதிக்கென்று மருத்துவரிடம் போகும் முன், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஓர் ஓலைக் கொட்டானில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மருத்துவர், மூட்டுவலிக்கு ஒருவர், தூக்கத்துக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது என்று பலர் தந்த மருந்துகள் ஒரே உடம்புக்குள் சேர்ந்திருக்கும். சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் பழைய வகை மாத்திரைகள் சில, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து ஆகியவை முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். ஆனால் தூக்க மாத்திரையை நீங்களாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள். அதைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் வேலை.

அடுத்து இரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைவும் மறதி நோயைப் போலவே தோற்றமளிக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு. பல்லாண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதானபின் புலால் உண்பதை விட்டவர்களுக்கும் பி12 குறைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அதைக் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சில வாரங்களுக்கு முன் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடிபட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் பல வாரம் கழித்துக் குழப்பமாக வெளிப்படுவது உண்டு. துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வும் மறதியாகவே தெரியும். ஆச்சி இறந்தபின் ஐயா எதையும் நினைவில் வைப்பதில்லை என்றால், அவருக்கு எதன்மீதும் மனம் செல்லவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.

காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ தொடங்கலாம். தேவைப்பட்டால் மதுரைக்குப் போய் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கலாம். நினைவுச் சோதனையின் முடிவு எல்லைக்கோட்டில் இருந்தால் அதை லேசான அறிவாற்றல் குறைபாடு என்பார்கள். அது எல்லோருக்கும் முற்றுவதில்லை. சிலர் அதே நிலையில் நீடிக்கிறார்கள், சிலர் இயல்புக்கே திரும்புகிறார்கள்.

மூன்றாம் படி: காது, கண், இரத்த அழுத்தம்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று யாரேனும் சொன்னால், காதைக் கவனியுங்கள் என்பேன். மேற்சொன்ன பதினான்கு காரணங்களில் கேட்கும் திறன் குறைதலும் கெட்ட கொழுப்பு மிகுதலும்தான் முன்னணியில் நிற்கின்றன. கண்ணாடி போட யாரும் தயங்குவதில்லை. காதுக்கருவி என்றால் மட்டும் "எனக்கென்ன செவிடா" என்று கோபப்படுகிறார்கள். காது மங்கியவருக்குச் சொன்னது முழுதாக விழுவதில்லை, விழாதது நினைவில் பதிவதும் இல்லை. பிறகு வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) நான்கு பேர் பேசும்போது, உயர்ந்த கூரையும் கல்தூண்களும் ஒலியைச் சிதறடிக்க, எதுவும் பிடிபடாமல் அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். கொஞ்ச நாளில் விசேஷங்களுக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார். மூளைக்கு வந்து சேரும் பேச்சும் முகங்களும் அத்துடன் குறைந்துபோகின்றன.

அமெரிக்காவில் எழுபது வயதைக் கடந்தவர்களிடம் மூன்றாண்டுகள் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், பொதுவாக எல்லோருக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம் இருந்த குழுவில், காதுக்கருவி அணிந்தவர்களின் அறிவாற்றல் தேய்வு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. எனவே முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு முறையாகச் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். கருவி வாங்கிய முதல் வாரத்திலேயே "ஒரே இரைச்சல்" என்று கழற்றிப் பெட்டியில் வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது, நாளுக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கி, சில வாரங்களில் நேரத்தைக் கூட்டினால் மூளை அந்த ஒலிக்குப் பழகிவிடும். வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்கு மத்திய அரசின் ராஷ்டிரிய வயோஷ்ரி யோஜனா வழியாகக் காதுக்கருவியும் கண்ணாடியும் கிடைக்க வழி உண்டு.

கண்புரையைத் தள்ளிப் போடாதீர்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பொறுத்தவரை மாத்திரையை விடாமல் சாப்பிடுவதுதான் நினைவுக்கும் காப்பு. மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களை இந்த இரண்டும்தான் முதலில் கெடுக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவற்றுக்கான மருந்துகள் வீட்டுக்கே வருவதால், தனியே இருப்பவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம். புகையிலையை, வெற்றிலையோடு சேர்த்துப் போடுவது உட்பட, விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: நடை, உறக்கம், உணவு

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு முடிந்தது. வெயில் ஏறிய பிறகு தெருவில் நடக்க முடியாதவர்களுக்கு வளவைச் சுற்றிய தாழ்வாரமே போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் வழுக்கும் என்பதால், துடைத்த ஈரம் காய்ந்தபின் நடக்க வேண்டும்.

உறக்கம் ஏழு மணி நேரம் தேவை. குறட்டை பலமாக இருந்து, இடையில் மூச்சு நின்று திணறினால் அதற்கும் சிகிச்சை உண்டு. உணவில் கீரை, பருப்பு, மீன், கடலை, பழம் கூடுதலாகவும், ஊறுகாய், வற்றல், எண்ணெயில் பொரித்த பலகாரம் குறைவாகவும் இருக்கட்டும். தேன்குழலும் மாவுருண்டையும் விசேஷத்துக்கு உரியவை. தினமும் தூக்குச்சட்டியிலிருந்து எடுத்துக் கொறிப்பதற்கு அல்ல. நினைவாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் விலையுயர்ந்த மாத்திரைகளுக்கு உறுதியான சான்று கிடையாது.

ஐந்தாம் படி: மூளைக்குப் புதிய வேலை

தெரிந்ததையே திரும்பச் செய்வது மனத்துக்கு இதம், ஆனால் பயிற்சி ஆகாது. முப்பது ஆண்டுகளாகக் குறுக்கெழுத்துப் போடுபவர் அதையே தொடர்வதைவிட, இதுவரை செய்யாத ஒன்றை, சற்றுத் திணறும் அளவுக்குக் கடினமான ஒன்றை, மற்றொருவரோடு சேர்ந்து கற்பதே பயன் தரும். பனையோலைக் கொட்டான் முடையத் தெரியாதவர்கள் அதைக் கற்கலாம்: ஓலையை வார்ந்து, சாயமிட்டு, நிறத்தை எண்ணி மாற்றி மாற்றிக் கோக்கும்போது கையும் கண்ணும் எண்ணிக்கையும் ஒருசேர உழைக்கின்றன. ஒரு கண்ணி தவறினால் நான்கு வரிசை தள்ளி உருவம் கோணுவது தெரிந்துவிடும். எங்கே பிழைத்தது என்று பின்னோக்கித் தேடும் அந்த வேலைதான் உண்மையான பயிற்சி.

செய்யுள் விருப்பம் உள்ளவர்களுக்குக் காரைக்குடி நல்ல இடம். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கும் ஊர் அது. இதுவரை மனப்பாடமாகாத பாடல் ஒன்றைத் தேர்ந்து, இன்று படித்து, மாலையில் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். பிறகு மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். மறந்துபோகும் தறுவாயில் முயன்று நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் பதிவு ஆழமாகிறது என்பது நினைவு பற்றிய ஆய்வுகளில் பலமுறை உறுதியான செய்தி. புதிதாக அறிமுகமானவரின் பெயருக்கும் பேத்தியின் புதிய கைபேசி எண்ணுக்கும் இதே முறை பொருந்தும்.

இவற்றைத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்த்துச் செய்வது மேல். பின்லாந்தில் அறுபது முதல் எழுபத்தேழு வயது வரையுள்ள 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டாண்டு நடத்திய சோதனையின் முடிவு 2015-இல் வெளிவந்தபோது, அறிவாற்றலில் பயன் தெரிந்தது.

ஆறாம் படி: எழுத்தைத் துணைகொள்ளுதல்

எழுதி வைத்தால் மூளை சோம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. காகிதம் தாங்கக்கூடியதைக் காகிதத்திடம் விட்டுவிட்டால், மனம் மற்ற வேலைக்கு ஒழியும். வட்டிக் கடைகளில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, அதைப் பேரேட்டில் பெயர்த்து, ஐந்தொகை கட்டிச் சரிபார்த்தவர்களின் மரபில் வந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு குறிப்பேடு போதும். அது பட்டாலையில் (கூடத்தில்) ஒரே இடத்தில், பேனா கட்டப்பட்டு இருக்க வேண்டும். இடப்பக்கம் இன்று செய்யவேண்டியவை, வலப்பக்கம் செய்து முடித்தவை. "காலை மாத்திரை 8.10", "பால்காரருக்குக் கொடுத்தாயிற்று", "மகன் பேசினான், வெள்ளிக்கிழமை வருகிறான்" என்று செய்த உடனே எழுத வேண்டும். அறைக்கு ஒரு சீட்டாக எழுதிப் பிறகு சீட்டைத் தேடும் பழக்கம் வேண்டாம். கிழமையும் வேளையும் குறித்த மாத்திரைப் பெட்டியை வாரம் ஒருமுறை இருவர் சேர்ந்து நிரப்புங்கள். தேதியும் கிழமையும் பெரிய எழுத்தில் காட்டும் கடிகாரம் ஒன்று அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே இருக்கட்டும்.

ஏழாம் படி: வீட்டை ஒழுங்கு செய்தல்

நம் வீடுகள் கூட்டுக்குடும்பத்துக்காகக் கட்டப்பட்டவை; நினைவு தளர்ந்த ஒருவருக்கு அவை பெரியவை. புழங்கும் பகுதியைச் சுருக்குங்கள்: ஒரு படுக்கையறை, அதை ஒட்டிய கழிப்பறை, பட்டாலை, அடுப்படி. மற்ற அறைகளைப் பூட்டி, அந்தச் சாவிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அன்றாடம் தேவைப்படும் இரண்டு மூன்று சாவிகளை மட்டும் நிறத்துணி கட்டி ஓர் ஆணியில் மாட்டுங்கள். உயரமான நிலைப்படிகளின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும், சுவரில் கைப்பிடி இருக்கட்டும். கிணற்றுக்கு மூடி போடுங்கள். அடுப்பை அணைக்க மறப்பது ஒருமுறை நிகழ்ந்திருந்தாலும், தானாக நிற்கும் மின்னடுப்புக்கு மாறிவிடுங்கள்.

எட்டாம் படி: பணமும் பத்திரமும்

இதைத் தெளிவு இருக்கும்போதே முடிக்க வேண்டும், பின்னால் சட்டம் இடம் தராது. உயில் எழுதுபவர் எழுதும் நேரத்தில் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுத்திருந்தாலும், கொடுத்தவர் சுயநினைவுத் தெளிவை இழந்தால் பொதுவாக அது செல்லாமல் போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே வங்கிக் கணக்கில் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டாகச் சேர்ப்பது, எல்லாச் சேமிப்புக்கும் வாரிசு நியமனம் செய்வது, பூர்வீக வீட்டில் யாருக்கு எந்தப் பங்கு, பத்திரம் எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது என்று எழுதி வைப்பது ஆகியவற்றை உடன்பிறந்தார் எல்லோரும் அறிய, வழக்கறிஞர் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். காவல்துறை என்றும் வங்கி என்றும் சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் தொலைபேசி அழைப்புகளுக்கு முதியவர்களே முதல் இலக்கு. கணக்கில் நாள் வரம்பு வைத்துவிட்டு, ஏமாந்தது தெரிந்தால் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

ஒன்பதாம் படி: நோய் உறுதியானபின்

டோனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் தெளிவைக் கொடுக்கும், நோயை நிறுத்தா. அதன்பின் பெரும்பகுதி, உடனிருப்பவர் பேசும் முறையைப் பொறுத்தது. எண்பது வயதுத் தாய் அந்திவேளையில் முகப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்பச்சி கடையிலேருந்து வந்துட்டாகளா?" என்று கேட்கிறார். "அவுக போய்ச் சேர்ந்து முப்பது வருசமாச்சே, மறந்துட்டீகளா" என்று மகள் சொன்னால், தந்தையின் சாவை அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார். மறுநாளும் அதே கேள்வி வரும், அதே துக்கமும் வரும். "அப்பச்சி நெனப்பு வந்துருச்சா ஆத்தா? அவுகளுக்கு என்ன பலகாரம் பிடிக்கும்?" என்று கேட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தால் மனம் அமைகிறது. தர்க்கம் செய்யாமல், கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு சிறிய வாக்கியம், முகத்துக்கு நேராக. "என்ன சாப்பிடுறீக" என்பதைவிட "இட்லியா, இடியாப்பமா" என்பது எளிது. கை பழகிய வேலைகளும் பாட்டும் நெடுநாள் தங்கும் என்பதால் பூக்கட்டுதல், கீரை ஆய்தல், தேவாரம் சேர்ந்து பாடுதல் ஆகியவற்றை விடாதீர்கள். வெளியே போய் வழி தவறுபவர் என்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைச் சட்டைப்பையிலோ சங்கிலியிலோ சேர்த்து, கோயில் குருக்களிடமும் தெருமுனைக் கடையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் சொல்லி வையுங்கள். இதில் மறைக்க எதுவுமில்லை. ஊர் அறிந்தால்தான் ஊர் காக்கும்.

பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மருமகளாகவோ கல்யாணமாகாத மகளாகவோ, தானே மூப்படைந்த மனைவியாகவோ இருப்பார். வெளியூரில் உள்ளவர்கள் பணம் அனுப்புவதோடு நிற்காமல், ஆண்டில் எந்த எந்த வாரங்கள் யார் வந்து தங்கி அவருக்கு ஓய்வு கொடுப்பது என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணில் தமிழில் ஆலோசனை கேட்கலாம். பார்த்துக்கொள்பவரின் மனம் தளர்ந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 எந்நேரமும் உண்டு. அவருக்குத் தொடர்ந்து இரவுத் தூக்கம் கெடுகிறது என்றால், அடுத்த மருத்துவச் சந்திப்பில் நோயாளியைப் பற்றிப் பேசி முடித்தபின் அவரைப் பற்றியும் பேசுங்கள். இரவுக்கு மட்டும் ஓர் ஆளை அமர்த்துவதே அங்கே முதலில் தேவைப்படும் மருந்தாக இருக்கலாம்.